குறையணைவிடம்: ஒரு சொல் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

திண்மத்தின் மேற்பரப்பில், வழக்கத்தைவிடக் குறைவான அண்டை அணுக்களோடு நிற்கும் அணுவின் இடத்தை ஆங்கிலத்தில் 'கோஆர்டினேட்டிவ்லி அன்சேச்சுரேட்டட் சைட்' என்பார்கள். அதற்குத் தமிழில் 'காலியிடம்' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. படிகத்தில் அணுவே விடுபட்டுப்போன இடத்தைத்தான் காலியிடம் என்கிறோம். இங்கோ அணு இருக்கிறது; குறைவது அதன் அண்டை அணு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர் தடுமாறுவார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உப்புக்கரைசலை மின்னாற்பகுத்துக் குளோரின் எடுக்கும் ஆலைகளில் முன்பு கிராஃபைட் நேர்மின்வாய்தான். அது தேயத் தேய மின்வாய்களின் இடைவெளி கூடும்; மின்செலவு ஏறும். 1960களில் ஹென்றி பீர், டைட்டானியத்தின் மேல் ருதேனியம், டைட்டானியம் ஆக்சைடுகளைக் கலந்து பூசிய மின்வாயை உருவாக்கினார். தேய்மானத் தொல்லை தீர்ந்தது. அந்த ருதேனியம் டைஆக்சைடின் உள்ளே ஒவ்வொரு ருதேனியத்தையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கும். படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால் கிடைக்கும் (110) என்ற மேற்பரப்புத் தளத்தில் பாதி ருதேனியங்களுக்கு ஐந்துதான். அணைவு எண்ணில், அதாவது சூழ்ந்திருக்கும் அணுக்களின் எண்ணிக்கையில், ஒன்று குறைகிறது. ஆகவே 'குறையணைவிடம்' என்கிறேன். 'அன்சேச்சுரேட்டட்' என்பதை நேராகப் பெயர்த்து 'நிறைவுறா இடம்' என்றால் இரட்டைப் பிணைப்புள்ள கரிமச் சேர்மங்கள்தான் நினைவுக்கு வரும்.

வினை நடக்கும் இடத்துக்குப் பாடநூலில் உள்ள 'கிளர்வு மையம்' போதாதா என்று கேட்கலாம். போதாது. குளோரின் உண்டாகும் மின்னழுத்தத்தில் குறையணைவிடம் வெறுமையாக இருப்பதில்லை. நீரிலிருந்து வந்த ஓர் ஆக்சிஜன் அதன் தலையில் அமர்ந்துவிடுகிறது. குளோரைடு அயனி எலக்ட்ரானை இழந்து ஒட்டுவது அந்த ஆக்சிஜன்மேல். பிறகு இன்னொரு குளோரைடு வந்து சேர, குளோரின் மூலக்கூறு பிரிந்து போகிறது. குவாண்டம் வேதியியல் கணக்கீடுகள் இந்த வழியையே காட்டுகின்றன. கிளர்வு மையம் வேறு, குறையணைவிடம் வேறு.

தலைமேல் அமர்வதை 'உச்சி ஆக்சிஜன்' என்போம். இரு ருதேனியங்களை இணைப்பதைப் 'பால ஆக்சிஜன்' என்போம். இந்தப் பிரிவினை அவசியம். ஆலைக்கு வேண்டாத ஆக்சிஜன் வாயு உண்டாகும் வழியும் இதே உச்சி ஆக்சிஜன் வழியாகத்தான் செல்கிறது. குறைந்த மின்னழுத்தம் போதுமானதே முதலில் வரும் என்று திட்ட மின்னழுத்தப்படி பார்த்தால், 1.23 வோல்ட் உள்ள ஆக்சிஜன்தான் முதலில் வரவேண்டும், குளோரினுக்கு 1.36. ஆனால் குளோரினுக்கு இரண்டு எலக்ட்ரான் போதும், ஆக்சிஜனுக்கு நான்கு கைமாற வேண்டும். வேகத்தில் குளோரின் முந்திவிடுகிறது.

'உச்சி'யைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள். 'மேல் ஆக்சிஜன்' மட்டும் வேண்டாம். பால ஆக்சிஜனும் மேற்பரப்பில்தான் இருக்கிறது.

அன்புடன்