எம்35ஏ2: கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை, காலையில் ஸ்டார்ட்டும் ஆகவில்லை

பழையவண்டி71:
வணக்கம். வண்டி 1971 எம்35ஏ2 (அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரி). எல்டிடி-465-1சி மல்டிஃபியூல் (பல வகை எரிபொருளில் ஓடும்) எஞ்சின், ஸ்பைசர் 3053ஏ ஐந்து கியர் பாக்ஸ். ராணுவ உபரி ஏலத்தில் எடுத்தது, அதற்கு முன்பு இரண்டு வருடம் ஓடாமல் நின்றிருக்கிறது.

1. காலையில் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. புகைபோக்கியில் வெள்ளைப் புகை வருகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மதிய வெயிலில் பிடித்துவிடுகிறது.
2. எஞ்சின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸும் கறகறவென்று அரைக்கின்றன. நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் சுலபமாக விழுகின்றன.

கியர் பாக்ஸை இறக்க வேண்டுமா? டீசல் இன்ஜெக்ஷன் பம்ப்பைக் கழற்ற வேண்டுமா?

டீசல்கை:
இரண்டையும் இப்போது தொடாதீர்கள்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லாவிட்டால்தான் டீசல் வரும் வழியைத் தேட வேண்டும். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 22:1. வேகமாகச் சுற்றினால்தான் காற்று போதிய அளவு சூடாகும். செல்ஃப் இழுக்காத வரை பம்ப்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வண்டி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸில். மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 9.6-க்குக் கீழே இறங்கினால் அது போன பேட்டரி. இரண்டும் நன்றாக இருந்தால், செல்ஃப் அடிக்கும்போதே பேட்டரி கேபிளின் இரு முனைகளிலும் மீட்டர் வையுங்கள். ஒரே கேபிளில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் லக் (கேபிள் முனையிலுள்ள உலோகக் கொண்டி) உள்ளே அரித்திருக்கிறது. எர்த் கேபிள் சேஸில் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு முறுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முறை: நியூட்ரல், கிளட்ச் மிதித்தபடி (குளிரில் கெட்டியான கியர் ஆயிலின் இழுவை செல்ஃப் மேல் விழாது), ஹேண்ட் த்ராட்டில் கொஞ்சம் வெளியே. சுவிட்சைப் போட்டதும் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் முனகும். அரை நிமிடம் முனகவிட்டு, பிறகு பட்டனை அழுத்துங்கள். ஒரு முறைக்கு 15 விநாடி போதும், அடுத்ததற்கு முன் செல்ஃப் இரண்டு நிமிடம் ஆறட்டும்.

எஞ்சின் ஸ்டாப் கேபிளையும் (இழுத்தால் டீசலை நிறுத்தி எஞ்சினை அணைப்பது) பாருங்கள். நின்ற வண்டியில் அது துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். கைப்பிடி உள்ளே போயிருக்கும், பம்ப்பில் லீவர் திரும்பியிருக்காது.

ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். இன்டேக்கில், உள்ளே போகும் காற்றைத் தீயால் சூடாக்கும் ஃப்ளேம் ஹீட்டர் இருக்கிறது. தீயும் ஈதரும் சேர்ந்தால் மேனிஃபோல்டே வெடிக்கும். ஹீட்டர் போடாவிட்டாலும், ஈதர் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பை உடைத்துவிடும்.

கிளட்ச்பிளேட்:
கியருக்கு வருகிறேன். 3053ஏ-யில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ (கியர் விழும் முன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு) கிடையாது. அதனால் கிளட்ச் மிதித்த உடனே போட்டால் நல்ல வண்டியும் அரைக்கும். மிதித்துப் பத்து விநாடி கழித்துப் போடுங்கள். அல்லது லீவரை லேசாக இரண்டாவது கியர் பக்கம் தள்ளுங்கள். அதன் சிங்க்ரோ உள்ளே சுற்றுவதை நிறுத்திவிடும், பிறகு முதல் கியர் சத்தமின்றி விழும். பத்து விநாடிக்குப் பிறகும் அரைத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை.

பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) சுமார் ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். மிக அதிகமானால் பிரியாது, இல்லவே இல்லை என்றால் பிளேட் வழுக்கும். லிங்கேஜ் பின்கள் தேய்ந்திருந்தால் அட்ஜஸ்ட் செய்தும் பலனில்லை, முதலில் பின்னை மாற்றுங்கள்.

பிறகு ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் தண்ணீர் வடிய ஒரு டிரெயின் துளை உண்டு. ஆழமான தண்ணீரில் இறங்கும்போது மட்டும் அதில் பிளக் போடுவார்கள். மற்ற நேரம் திறந்தே இருக்க வேண்டும். பிளக்கோடு நின்ற வண்டியில் உள்ளே ஈரம் தேங்கி, கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிவிடும்.

சோதனை: எஞ்சினை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸை லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு நகரும் நிலை) வைத்து முதல் கியர் போட்டு, ஸ்டாப் கேபிளை வெளியே இழுத்து வைத்து, கிளட்சை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடியுங்கள். முன்னால் ஆள் நிற்கக் கூடாது. வண்டி நகர்ந்தால் பிளேட் ஒட்டியிருக்கிறது. நகராமல், எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் அரைத்தால் பைலட் பேரிங்கை (கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் முன்முனையை ஃப்ளைவீல் நடுவில் தாங்குவது) சந்தேகியுங்கள்.

கியர் ஆயில் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால் வடித்துவிடுங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிங்க்ரோவின் பித்தளையை அரிக்கும். ஜிஎல்-1 ரகம் போதும்.

பழையவண்டி71:
அளந்தேன். செல்ஃப் அடிக்கும்போது ஒரு பேட்டரி 10.4, மற்றது 8.1. அந்த 8.1-இலிருந்து யாரோ ரேடியோவுக்கு 12 வோல்ட் எடுத்திருக்கிறார்கள். ஹவுசிங்கில் பிளக் இருந்தது, கழற்றியதும் ஒரு டம்ளர் துருத் தண்ணீர் வந்தது. சோதனையில் வண்டி நகர்ந்தது.

டீசல்கை:
ரேடியோ ஒயர்தான் காரணம். ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது காலியாகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். இரண்டையும் ஒரே ரகமாக, ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ரேடியோவுக்கு 24-12 கன்வெர்ட்டர் வையுங்கள்.

கிளட்ச்பிளேட்:
எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, பெடலை மிதித்த நிலையில் கட்டை கொடுத்து ஒரு இரவு விடுங்கள். பல வண்டிகளில் இதுவே போதும். போதாவிட்டால் வெட்டவெளியில் லோ ரேஞ்ச் முதல் கியரிலேயே செல்ஃப் அடித்துக் கிளப்பி, கிளட்சை மிதித்தபடி ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்துங்கள். அந்த அதிர்வில் பிளேட் பிரியும்.

ஏர்பிரேக்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். எம்35ஏ2-இல் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் எந்தச் சக்கரத்திலும் பிரேக் பிடிக்காது. இரண்டு வருடம் நின்ற வண்டியில், கிளட்சும் பிரியாத நிலையில், உங்களிடம் மிஞ்சுவது ஸ்டாப் கேபிள் மட்டும். ஓட்டுநர் காலடியில் உள்ள மூடியைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரில் அளவு பாருங்கள், ஆறு பிரேக் டிரம்களின் பின்புறத்திலும் ஈரம் இருக்கிறதா என்று தடவுங்கள். ராணுவம் பின்னாளில் டாட் 5 சிலிக்கான் ஃப்ளூயிடுக்கு மாறிவிட்டது. உள்ளே அது இருந்தால் டாட் 3-ஐக் கலக்காதீர்கள். காற்றழுத்தம் குறைவு என்று எச்சரிக்கும் ஏர் பஸ்ஸர் நின்ற பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.

கிளட்ச்பிளேட்:
ஏர்பிரேக் சொன்னதுதான் சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பிரேக் உறுதியான பிறகு மட்டும் செய்யுங்கள். ஐந்தாறு முயற்சியில் பிரியாவிட்டால் கியர் பாக்ஸை இறக்குங்கள். இறக்கினால் பிளேட்டோடு பைலட் பேரிங்கையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஃப்ளைவீல் முகத்தில் துருக்குழி இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்யுங்கள். ஹவுசிங் பிளக்கைத் திரும்ப மாட்டாமல் டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.