கலிபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா கடை: 600 அடி கணக்கு இடிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மனைவிக்குக் கீமோ நடந்தபோது வாந்தி நிற்காமல் மருத்துவர் கஞ்சாவுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். வாங்குவதற்கு ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் கார் ஓட்ட வேண்டும். நம் ஊரிலேயே ஒரு டிஸ்பென்சரி வைப்போம் என்று நானும் நண்பரும் இறங்கிவிட்டோம். கடைக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. பள்ளியிலிருந்து 600 அடி தள்ளி இருக்க வேண்டுமாம். அளவுச் சக்கரம் வாங்கி, பள்ளி கேட்டிலிருந்து கடை வாசல் வரை நானே உருட்டிப் பார்த்தேன், 710 அடி. நகராட்சியின் பிளானிங் கவுண்டரில் 540 என்கிறார்கள். எது சரி?

பதில் (ஓக்லாண்ட்வாசி):
அவர்கள் சொல்வதுதான் சரி. நடக்கிற தூரம் கணக்கில்லை. பள்ளி மனையின் எல்லையிலிருந்து உங்கள் கடை இருக்கும் மனையின் எல்லை வரை நூல் பிடித்தாற்போல் நேர்கோடு. நடுவில் கட்டடம் இருந்தாலும் பொருட்டில்லை. பள்ளிக்குப் பின்னால் மைதானம் இருக்கிறதா? உங்கள் பார்க்கிங்கும் அதே மனையா? அந்த 170 அடி அங்கேதான் போயிருக்கும். டேகேருக்கும் சிறுவர் மையத்துக்கும் இதே விதிதான். 600 என்பது மாநிலக் கணக்கு. ஊர் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், அதனால் உங்கள் நகராட்சி விதிகளைப் படித்துவிடுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், மைதான வேலி எங்கள் தெரு வரை வருகிறது. எனக்குத் தோன்றவே இல்லை. 1996-லேயே ஓட்டுப் போட்டு மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலம் இது. மாநில லைசென்ஸை முதலில் வாங்கிவிட்டால் ஊர் மறுக்க முடியுமா?

பதில் (சாக்ரமெண்டோ தம்பி):
முடியும் அண்ணா. ரிவர்சைடு நகர வழக்கில், ஊர்கள் டிஸ்பென்சரியே வேண்டாம் என்று தடுக்கலாம் என 2013-இல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஊர் விதிக்கு மாறாக மாநிலமும் லைசென்ஸ் தராது. முதலில் ஊர், அப்புறம்தான் மாநிலம்.

கடைதான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். டெலிவரி மட்டும் செய்ய டைப் 9 லைசென்ஸ் இருக்கிறது. 600 அடி அதற்கும் உண்டு, ஆனால் வாடிக்கையாளர் வரப்போவதில்லை என்பதால் மெயின் ரோட்டில் இடம் தேட வேண்டியதில்லை. இன்னொன்று, 2024 ஜனவரியிலிருந்து நோயாளிகளுக்கு மருத்துவக் கஞ்சா டெலிவரி செய்வதை எந்த ஊரும் தடைசெய்ய முடியாது. அண்ணிக்கு வீட்டுக்கே வரவழைத்துவிடுங்கள்.

பதில் (ஓக்லாண்ட்வாசி):
தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் சிட்டிசனா?

கேட்டவர்:
கிரீன் கார்டு. அடுத்த வருடம் குடியுரிமைக்குப் போடலாம் என்றிருந்தேன்.

பதில் (ஓக்லாண்ட்வாசி):
அப்படியானால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாநிலம் லைசென்ஸே தந்தாலும் ஃபெடரல் சட்டம் வேறு. கஞ்சாத் தொழிலில் இருப்பது குடியுரிமைக்கான நன்னடத்தை நிபந்தனைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. தாய்நாட்டுக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்திலும் சிக்கல் வரலாம். பணத்தை மட்டும் போட்டாலும் ஆபத்து ஆபத்துதான். குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கேட்டவர்:
இதை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை. ரொம்ப நன்றி. வியாழக்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். அதுவரை லீஸில் கையெழுத்து இல்லை என்று கடையின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். டெலிவரிக்கும் சொல்லியாயிற்று, இன்று மாலை வருகிறது.