வீட்டில் பார்த்த நரம்பியல் கோளாறுகள்: உங்கள் அனுபவம் என்ன?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அடிபட்டது மூளையின் வலது பக்கம். இடது கையும் காலும் விழுந்துபோனது எங்களுக்குப் புரிந்தது. புரியாதது வேறொன்று. தட்டில் வலது பாதியைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைக்கக் கூடாதா?" என்று கோபப்படுவார். இடது பாதி தொடாமல் அப்படியே கிடக்கும். தட்டைத் திருப்பி வைத்தால், "இப்பதான் போட்டியா?" என்பார். சவரமும் வலது கன்னத்துக்கு மட்டும்தான். கண்ணைப் பரிசோதித்துப் பார்த்தாயிற்று, பார்வையில் குறை ஒன்றும் இல்லை. வந்து பார்த்த உறவுக்காரர்கள் வயசான காலத்தில் வீம்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நரம்பியல் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டத்தை ஒழுங்காகத்தான் போட்டார். பிறகு 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வலது ஓரத்திலேயே நெருக்கி எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டதற்கு, "சரியாத்தானே இருக்கு" என்றார். அவருடைய இடது கையைத் தூக்கிக் காட்டி இது யாருடையது என்று நான் கேட்டபோது, கொஞ்சமும் தயங்காமல் "உன்னுதுதான்" என்றார். அன்றைக்கு எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. கை விழுந்துபோனதே நோயாளிக்குத் தெரியாமல் இருக்கும் நிலைக்கு 1914-லேயே பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பெயர் வைத்திருக்கிறார்.

இப்படி இடது பக்கத்தையே விட்டுவிடுவது கண் சம்பந்தப்பட்டதே இல்லை என்று எனக்கு உறைத்தது 1978-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வைப் பற்றிப் படித்தபோது. மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை நன்றாக அறிந்த நோயாளிகளிடம், பேராலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்துக்கொண்டு சுற்றி இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். வலது பக்கக் கட்டடங்கள்தான் வந்தன. இப்போது பேராலய வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினையுங்கள் என்றதும், முதலில் விட்டவற்றைச் சொல்லி, முதலில் சொன்னவற்றை விட்டுவிட்டார்கள்! கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. மனசுக்குள் விரியும் படத்திலேயே இடது பக்கம் காணோம்.

எங்களுக்குக் கைகொடுத்தது சிவப்பு டேப். செய்தித்தாளின் இடது ஓரத்தில் ஒட்டி, சிவப்பு தெரிகிறவரை கண்ணைக் கொண்டுபோகச் சொல்வோம். முக்கியமான பேச்சு என்றால் அவருடைய வலது பக்கம் நிற்போம், பயிற்சிக்கு இடது பக்கம்.

*

எங்கள் பெரியம்மாவுக்குப் பார்க்கின்சன். நடுக்கம் இல்லை, அதனாலேயே கண்டுபிடிக்க வெகுநாள் ஆயிற்று (எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது). அறை வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், பாதம் நகராது. அதே பெரியம்மா மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறுவார். பார்க்கிறவர்கள் நடிப்பு என்று சொல்லாமல் இருப்பார்களா?

இந்த நோயில், அசைவுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான டோபமைன் குறைந்ததும் யோசிக்காமல் தானாக வரும் நடைதான் முதலில் கெடுகிறதாம். எதிரே படியோ கோடோ இருந்தால் அதைக் குறிவைத்து மூளை வேறு வழியாகக் காலைத் தூக்கிவிடுகிறது. இயன்முறை சிகிச்சையாளர் சொன்னபடி வாசல் தரையில் குறுக்காக டேப் ஒட்டினோம். வெளியே போனால் நான் என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைப்பேன், தாண்டிவிடுவார். கையைப் பிடித்து இழுக்க மட்டும் கூடாது, விழுந்துவிடுவார்கள்.

முகத்தசைகளும் இறுகிவிடுகின்றன. சிரிப்பு உள்ளே இருக்கும், வெளியே வராது. மருமகள் தன்மேல் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று: நோய் தெரிவதற்குப் பல வருடம் முன்பே தூக்கத்தில் கத்தி, கையை வீசி அடிப்பார். கனவு வரும் நேரத்தில் உடம்பை அசையவிடாமல் வைக்கும் ஏற்பாடு அப்போதே பழுதாகியிருந்தது என்று மருத்துவர் பிறகு சொன்னார். மாத்திரை நேரத்தில் சமரசம் கிடையாது. மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை தாமதமானால் அன்றைய நடை போச்சு. புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தாலும் சிலருக்குச் சரியாக ஏறாது.

*

என் தம்பி பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று நிறுத்திவிட்டு வாயைச் சப்புக்கொட்டுவான், சட்டைப் பொத்தானைத் திருகுவான். கூப்பிட்டால் பதில் வராது. ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும், நடந்தது ஞாபகம் இருக்காது. வகுப்பில் திமிர் என்று வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அது மூளையின் பக்கவாட்டில் இருக்கும் பொட்டுமடலில் தொடங்கும் வலிப்பு. கீழே விழுந்து வெட்டினால்தான் வலிப்பு என்பதில்லை. அந்த நேரத்தில் பிடித்து அமுக்க வேண்டாம், ஆபத்தான இடத்திலிருந்து மெதுவாக விலக்கினால் போதும்.

*

பாட்டிக்கு விழித்திரை கெட்டுப் பார்வை மங்கிய பிறகு, சுவரோரம் குட்டி மனிதர்கள் வரிசையாகப் போவார்கள். சத்தமே இருக்காதாம். பைத்தியம் என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து வெகுநாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. புத்தி மிகத் தெளிவு, அது நிஜமில்லை என்பதும் அவருக்கே தெரியும். சார்ல்ஸ் பானே என்ற சுவிட்சர்லாந்து இயற்கை அறிவியலாளர் 1760-இல் தன் தாத்தாவுக்கு நடந்ததாக எழுதியது இதையேதான், இந்த நிலைக்கும் அவர் பெயர்தான். கண்ணிலிருந்து சேதி வராதபோது மூளை தானே படம் போட்டுக்கொள்கிறது. விளக்கைப் போட்டாலோ கண்ணை இடமும் வலமும் வேகமாக அசைத்தாலோ பல சமயம் மறைந்துவிடும்.

ஆனால் உருவங்களோடு குழப்பம், பார்க்கின்சன் போன்ற இறுக்கம், மாறி மாறி வரும் தெளிவும் மயக்கமும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள். லூயி உடல் மறதிநோயாக (லூயி உடல் எனப்படும் புரதத் திரள்கள் மூளையில் சேர்வதால் வருவது) இருக்கலாம். அவர்களுக்கு ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்துகள் உயிருக்கே ஆபத்தாக முடியும். வேறு எதற்காக மருத்துவமனையில் சேர்த்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.