தமிழ்ல சயின்ஸ் ஃபிக்‌ஷன், சுஜாதாவுக்கு அப்புறம் என்ன படிக்கலாம்?

மதுரைல பிளஸ் ஒன் பசங்களோட மாசம் ஒரு புக்னு படிக்கிறோம், அடுத்த மாசம் தமிழ் சயின்ஸ் ஃபிக்‌ஷன், உருப்படியா ஒண்ணும் சிக்கல. சுஜாதாவோட ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ரெண்டும் முடிச்சாச்சு, ஜெயமோகனோட ‘விசும்பு’வும் ஆச்சு. லைப்ரரில கேட்டா மறுபடி சுஜாதாவையே நீட்டுறாங்க, மனுஷன் போனதே 2008ல. கிண்டில்ல புதுசா வர்றதுல பாதி, ரோபோ வேஷம் போட்ட பேய்க்கதைதான். ஒண்ணுல செவ்வாய்ல இருக்கிற ஹீரோ சென்னைல இருக்கிற பொண்டாட்டியோட போன்ல சண்டை போடுறான், உடனுக்குடனே பதில் வருது! சிக்னல் ஒரு பக்கம் போகவே குறைஞ்சது 3 நிமிஷம், சில சமயம் 20ஐத் தாண்டும், அந்த லேட்டுலயே ஒரு நல்ல கதை இருக்கு, கோட்டை விட்டுட்டாரு. மொழிபெயர்ப்பு வேணாம். நேரா தமிழ்ல எழுதி 2010க்கு அப்புறம் வந்ததுல, சயின்ஸ் உதைக்காத புக் எது?