அந்த இன்ஜினியரோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம்?

பல்லடத்தான்:
ஸ்பின்னிங் மில், பம்ப் கம்பெனி, இடையில் கொஞ்ச காலம் வளைகுடா, கடைசியில் கல்லூரி என்று சுற்றி வந்த ஒரு இன்ஜினியரை இந்தக் குழுவில் பலருக்கும் தெரியும் என்று இப்போதுதான் புரிந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதனால் ‘சார்’ என்றே வைத்துக்கொள்வோம். நான் ஆரம்பிக்கிறேன்.

நான் மில்லில் மேஸ்திரி. பங்குனி, சித்திரை வந்தால் கடைசி வரிசை ரிங் பிரேம்களில் (நூல் நூற்கும் மெஷின்கள்) மட்டும் மதியத்துக்கு மேல் நூல் அறுந்துகொண்டே இருக்கும். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடர் பெண்கள் ஓடி ஓடி அறுந்த நூலை ஒட்டியே களைத்துப் போவார்கள். நூல் ஓடும் சின்ன வளையமான டிராவலரை மாற்றினோம், பஞ்சைக் குறை சொன்னோம், ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப்பை மாற்றினோம். சார் வந்தார், மெஷினைத் தொடவே இல்லை. ஈரப்பத மானியை எடுத்துக்கொண்டு மணிக்கு ஒரு தடவை அந்த வரிசையில் நடந்தார். ஸ்பின்னிங்கில் காற்றில் 55 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் இருக்க வேண்டும், வறண்டால் நூல் அறுந்துவிடும். காலையில் இருந்தது, மூன்று மணிக்கு இல்லை. காற்றுக்கு ஈரம் கொடுக்கும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் பார்த்தால், நூல் குடோன் பக்கத்து ஷட்டர் திறந்து கிடக்கிறது, வெளியே லாரி நிற்கிறது, வறண்ட காற்று நேராக உள்ளே வருகிறது.

ஷட்டரை மூடச் சொல்லிவிட்டு வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். இவர் “ஏன் மதியம் லோடு ஏத்தறீங்க?” என்று கேட்டார். ஆபீஸில் பில் போட்டு முடிக்கவே மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும் என்றார்கள். பில்லை முந்தின நாள் சாயங்காலமே போட வைத்தார். லோடு காலைக்குப் போனது, நூல் அறுவது அடங்கியது. நூல் அறுந்ததற்கு மருந்து பில் புக்கில் இருந்தது என்று இன்றும் கேன்டீனில் சொல்லிச் சிரிப்போம்.

உடுமலை தோட்டத்துக்காரர்:
அவரேதான்! எங்கள் பக்கம் பம்ப் கம்பெனி ஆளாக வந்தார். எங்கள் டிரான்ஸ்பார்மரின் கடைக்கோடியில் இருக்கிற தோட்டங்களில் மோட்டார் காயில் எரிந்துகொண்டே இருந்தது. கம்பெனி மோட்டார் சரியில்லை என்று நாங்கள் சண்டைக்கே நின்றோம். சிலர் அஞ்சு எச்.பி.யைக் கழற்றிவிட்டு ஏழரை போட்டார்கள். அதிலிருந்து இன்னும் மோசம்.

அவர் மும்முனைக் கரண்ட் வரும் நேரத்துக்கு வந்து மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரண்ட் வந்ததும் எல்லார் வீட்டு ஆட்டோ ஸ்டார்ட்டரும் ஒரே நேரத்தில் மோட்டாரைக் கிளப்புகிறது. கிளம்பும்போது மோட்டார் ஓட்டத்தில் எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு ஆம்ப்ஸ் இழுக்கும். கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் விழுந்துவிடும். வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது சுற்றும் பலம், 36 சதவீதம் போய்விடுகிறது. சுற்ற முடியாமல் முனகிக்கொண்டே சூடேறுகிறது. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினார்.

“மில்லில் கரண்ட் போய் வந்தால் எல்லா பிரேமையும் ஒண்ணா போடுவாங்களா? ஒண்ணொண்ணாத்தானே போடுவாங்க” என்றார். ஆட்டோ ஸ்டார்ட்டரில் மோட்டாரைக் கொஞ்சம் தாமதித்துக் கிளப்பும் டைமர் திருகு இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆளுக்கொரு நேரம் வைத்தோம், கூடவே வோல்டேஜ் அவ்வளவாக விழாமல் இருக்க கெப்பாசிட்டரும் போட்டோம். தன் கம்பெனி மோட்டார் இன்னும் நாலு விற்றிருக்கலாம், அந்த ஆசை அவருக்கு வரவில்லை.

ஷிப்ட் பிட்டர்:
எல்லாரும் புகழ்கிறீர்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் சொல்கிறேன், சில நாள் எரிச்சலாக இருக்கும். பேரிங் சத்தம் போடுகிறது, நைட் ஷிப்டுக்கு மெஷின் ஓடியாக வேண்டும். இவர் “போன தடவை எப்ப மாத்தினது, யார் கிரீஸ் வச்சது” என்று கேட்டுக்கொண்டு நிற்பார். முதலாளி மேலிருந்து கத்துவார், திட்டு எனக்கு விழும். எல்லாவற்றையும் அடிமுதல் நுனிவரை பார்த்துக்கொண்டிருக்க எல்லா நாளும் நேரம் கிடைக்காது.

திருச்சி மாணவன்:
கல்லூரியில் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். ஒரு நாள் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்புக்குக் கூட்டிப் போனார். அந்தக் காலத்தில் காவிரித் தலைப்பு (காவிரி பிரியும் வாய்) மணல் மேடிட்டு, தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்தில் இறங்கி ஓடியதால் தஞ்சாவூர் காய்ந்தது. 1836இல் ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். “சரி, இங்கே அடைச்சாச்சு. தண்ணி எங்கே போகும்?” என்று சார் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மேல் பாய்ந்ததும், பின்னால் அந்தத் தலைப்பிலும் கட்டுப்பாடு கட்ட வேண்டி வந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துப் போனபோது எங்கள் குரூப்பில் அந்த வகுப்பைப் பற்றித்தான் பேச்சு.

மேட்டுத்தெரு:
ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊருக்கு ஒரு உறவினர் வீட்டுக்கு வந்திருந்தார். டேங்க் நிறைந்தாலும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. இன்னொரு போர்வெல் போடத் தீர்மானமே போட்டாகிவிட்டது. அவர் டேங்க் ஆபரேட்டரோடு பைப் போகும் வழி முழுக்க நடந்தார். டேங்கை ஒட்டிய இரண்டு தெருக்களின் கேட் வால்வைக் கொஞ்சம் நெருக்கச் சொன்னார். மில்லில் காற்றுக் குழாயிலும் பக்கத்து வாயைக் குறைத்தால்தான் கடைசி வரை காற்று போகும், இதுவும் அதே கணக்குத்தான் என்றார். அன்றைக்கே எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டேங்கை ஒட்டிய அந்தக் கீழ்த்தெருக்காரர்கள் ராத்திரியில் வால்வைத் திறந்துவிட்டார்கள். வால்வுத் தொட்டிக்குப் பூட்டு போட்டால், பைப்பிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். அவர் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, நேர முறை வைத்துப் பேசி முடித்தார். இப்போது காலையில் எங்களுக்கு, மாலையில் அவர்களுக்கு. மோட்டார் வைக்கிறவர்கள் இன்னும் இரண்டு வீட்டில் இருக்கிறார்கள்.

பல்லடத்தான்:
@உடுமலை அண்ணா, என் மாமனார் ஆட்டோவில் அந்த டைமர் திருகு இல்லையே, பழைய மாடல். என்ன செய்யலாம்?

உடுமலை தோட்டத்துக்காரர்:
தனி டிலே டைமர் எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் தம்பி, வயர்மேனை வைத்து மாட்டிவிடலாம். முதலில் பக்கத்துத் தோட்டங்களில் யார் எத்தனை விநாடி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.