அணு உலையின் மாடரேட்டருக்கு (moderator) தமிழ்ச்சொல்: 'தணிப்பான்' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அணு உலையின் மாடரேட்டரைத் 'தணிப்பான்' என்று எழுதிவருகிறோம். எதைத் தணிக்கிறது? புதிதாகப் படிப்பவர் தொடர்வினையை (ஒரு கரு பிளந்து வரும் நியூட்ரான்கள் அடுத்த கருக்களைப் பிளப்பதை) என்றே எடுத்துக்கொள்வார். நடப்பதோ நேர்மாறு. யுரேனியம்-235 பிளவுபடும்போது நியூட்ரான்கள் நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வருகின்றன. அவ்வளவு வேகத்தில் இன்னொரு கருவைப் பிளக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மாடரேட்டராக இருக்கும் நீரில் உள்ள ஹைட்ரஜனோடு ஏறக்குறைய 20 முறை மோதி, நொடிக்கு 2.2 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டால் அந்த வாய்ப்பு சில நூறு மடங்கு கூடிவிடும். ஆக, நியூட்ரானின் வேகம் தணியத் தணிய வினை வளர்கிறது. வினையை அடக்குவது போரானோ காட்மியமோ கொண்ட கட்டுப்பாட்டுக் கழிகள். அவை நியூட்ரானையே விழுங்கிவிடும்.

அதனால் 'வேகத்தணிப்பி' என்று வைக்கலாம் என்கிறேன்.

மறுமொழி:

ஐயா, காரணம் சரிதான். ஆனால் 'தணிப்பான்' பாடநூல்களிலேயே ஊன்றிவிட்டது. பழகிய சொல்லை மாற்றினால் மாணவர்கள்தானே தடுமாறுவார்கள்? முதல் முறை வரும் இடத்தில் ஒரு விளக்கம் கொடுத்தால் போதாதா? அப்புறம், சுருக்கமும் முக்கியம்.

மறுமொழி:

நண்பரே, விளக்கம் ஒரு பக்கத்தில் நின்றுவிடும், சொல் எல்லா இடத்துக்கும் போகும். 1986-இல் வெடித்த செர்னோபில் அணு உலையையே பாருங்கள். சாதாரண நீர் உலைகளில் வேகத்தணிப்பியும், வெப்பத்தை வெளியே எடுத்துச்செல்லும் குளிர்விப்பியும் ஒரே நீர்தான். அது ஆவியானால் தொடர்வினை தானே அடங்கிவிடும். (எரிபொருளின் எஞ்சிய வெப்பம் அடங்காது, அது வேறு கதை.) செர்னோபிலில் வேகத்தணிப்பி கிராஃபைட். நீர் அங்கே குளிர்வித்ததோடு நியூட்ரான்களையும் கொஞ்சம் விழுங்கிக்கொண்டிருந்தது. நீர் கொதித்து ஆவியாக ஆக விழுங்குவது குறைந்தது, கிராஃபைட் அப்படியே நின்றது, வினை ஏறியது. அந்த விபத்துக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். 'தணிப்பான் இருந்ததால் வினை கூடியது' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

இன்னொன்று. 'வேக ஈனுலை' (fast breeder reactor, செலவிடுவதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) என்றதும் எரிபொருளை வேகமாக ஈனும் உலை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேகம் நியூட்ரானுடையது. 'வேக உலையில் வேகத்தணிப்பி கிடையாது' என்று எழுதினால் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று விளக்கிவிடும். அங்கே குளிர்விப்பியாகத் திரவ சோடியத்தை வைப்பதும் இதனால்தான்: சோடியம் ஹைட்ரஜனைவிடப் பல மடங்கு கனமான அணு, மோதினாலும் நியூட்ரானின் வேகத்தை அதிகம் குறைக்காது.

சுருக்கம் வேண்டுமானால் முதல் முறை 'வேகத்தணிப்பி', பிறகு 'தணிப்பி' என்று எழுதலாம். 'தணிப்பான்' என்று பழகியவருக்கும் அது அந்நியமாக இராது.