டிரிக்கர் தூக்கிப்போடும் மோதல்களோடு புதுத் துகளும் போய்விட்டால்?

வினவி: ஜெனீவா அருகேயுள்ள எல்.எச்.சி. துகள் மோதுகலத்தில் 25 நானோ வினாடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று கடக்கின்றன, நொடிக்கு சுமார் 4 கோடி தடவை. டிஸ்க்கில் ஏறுவது சில ஆயிரம்தானாம், மற்றதெல்லாம் அந்தக் கணமே அழிந்துபோகிறது. எதை வைத்துக்கொள்வது என்பதை டிரிக்கர் எனும் வடிகட்டியில் நாமே முன்கூட்டி எழுதிவைத்த விதிகள்தானே தீர்மானிக்கின்றன? யாரும் எதிர்பார்க்காத துகள் ஒன்று வந்திருந்தால் கழித்ததோடு கழித்ததாகப் போயிருக்குமே. எல்லாவற்றையும் சேமித்துவிட்டு அப்புறம் தேடினால் என்ன?

மியூவான்வழி: சேமிக்க வழியில்லை. எல்.எச்.சி.யின் பெரிய டிடெக்டர்களில் ஒன்றான சி.எம்.எஸ்.ஸில் ஒரு நிகழ்வுக்கு, அதாவது ஒரு கடப்பின் பதிவுக்கு, சுமார் 1 மெகாபைட், ஆக நொடிக்கு 40 டெராபைட். டிஸ்க் இருக்கட்டும், டிடெக்டருக்குள்ளிருந்து அவ்வளவையும் வெளியே கொண்டுவருவதே பெரும்பாடு. அதனால் டிடெக்டரில் பொருத்திய சிப்களின் பஃபரிலேயே (தற்காலிக நினைவகத்தில்) தரவு காத்திருக்கிறது, வெறும் 4 மைக்ரோ வினாடி. அதற்குள் இன்னும் 160 கடப்புகள் பின்னால் வந்து வரிசையில் நின்றுவிடும். துகள்களின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரும், எலக்ட்ரானின் கனமான உறவினரான மியூவானைப் பிடிக்கும் அறைகளும் அனுப்பும் மேலோட்டமான தகவலை மட்டும் பார்த்து எஃப்.பி.ஜி.ஏ. (தேவைக்கேற்ப உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சிப்) போர்டுகள் வைப்பதா விடுவதா என்று முடிவு சொல்லியாக வேண்டும், அந்த 4 மைக்ரோ வினாடியிலும் ஒரு பகுதி சிக்னல் கேபிளில் போய்வருவதற்கே செலவாகிவிடும். இதில் தேறுவது நொடிக்கு 1 லட்சம். அதைத்தான் பிராசஸர்களும் ஜி.பி.யு.க்களும் முழுத் தரவோடு பார்த்து மேலும் வடிகட்டுகின்றன. ஹிக்ஸ் போசான் உருவாவது நூறு கோடி மோதலுக்கு ஒன்று என்ற அளவில்தான், ஆகவே கழிவதில் மிகப் பெரும்பகுதி நன்றாகத் தெரிந்த இயற்பியலே.

சிலிக்கான்: ஆனால் வினவியின் பயம் நியாயமானது, அதை லேசாக விட்டுவிடக் கூடாது. மோதிய இடத்திலிருந்து தள்ளிப்போய்ச் சிதையும் நீண்ட ஆயுள் துகள்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மையத்திலிருந்து கிளம்பும் என்று நம்பி எழுதிய விதி அவற்றை எளிதில் தவறவிடும், அவற்றுக்கென்று தனி டிரிக்கர்கள் பிறகு எழுதப்பட்டன. குறைந்த ஆற்றலில் வருபவை இன்னொரு சிக்கல். அதற்கு 'ஸ்கவுட்டிங்' என்று ஒரு வழி இருக்கிறது: மூலத் தரவை விட்டுவிட்டு, டிரிக்கர் கணித்த துகள்களின் விவரத்தை மட்டும் சில கிலோபைட்டில் எழுதிவைப்பது, அப்போது தேர்வுக்கான ஆற்றல் வாசலை நன்றாகத் தாழ்த்தி அதிக நிகழ்வுகளை உள்ளே விடலாம். எனக்கு மிகப் பிடித்த தீர்வு இதுதான்.

வினவி: சரி, கழித்ததைப் பார்க்கவே முடியாதபோது எவ்வளவு தவறியது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மியூவான்வழி: எந்த நிபந்தனையும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் மாதிரி ஒன்று எப்போதும் பதிவாகிறது, 'ஜீரோ பயாஸ்' என்பார்கள். தவிர, ஒரு மியூவான் டிரிக்கரைச் சோதிக்க இசட் போசான் இரண்டு மியூவானாகச் சிதைந்த நிகழ்வுகளை எடுப்பார்கள். ஒரு மியூவானால் நிகழ்வு பதிவாகிவிட்டது, மற்றதை டிரிக்கர் கண்டதா என்று பார்த்தால் திறன் கிடைத்துவிடும். தெரிந்த துகளுக்கு இது அருமையாக வேலை செய்யும், தெரியாததற்குச் செய்யாது.

சிலிக்கான்: அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024இல் சி.எம்.எஸ். எஃப்.பி.ஜி.ஏ.க்கள் முடிவெடுக்கும் முதல் கட்டத்திலேயே ஒரு நியூரல் நெட்வொர்க்கை ஓட்டியது. ஜீரோ பயாஸ் தரவில் பயின்று, வழக்கத்துக்கு மாறானதைப் பிடித்துக் கொடுக்கும். எல்.எச்.சி.யின் இன்னொரு டிடெக்டரான எல்.எச்.சி.பி. வேறு பாதையில் போய், 2022 முதல் வன்பொருள் டிரிக்கரையே எடுத்துவிட்டு முழுத் தரவையும் ஜி.பி.யு.வில் வடிகட்டுகிறது. அங்கே நிகழ்வு சிறியது, கட்டுப்படியாகிறது. சி.எம்.எஸ்.ஸுக்கு அது இன்னும் எட்டாது, ஆனால் அடுத்த மேம்பாட்டில் துகள்களின் பாதையைப் பதியும் டிராக்கரின் தகவலும் முதல் கட்டத்துக்கே வரும், காத்திருப்பும் 12.5 மைக்ரோ வினாடியாக நீளும்.